சொன்னது சொன்னபடி

சிப்பு மாற்ற யாரும் தனியாக வருவதில்லை. அன்று காலையும் இசக்கியின் கடைக் கூடத்தில் நான்கு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பிளாஸ்க்குகள், முறுக்குப் பொட்டலங்கள், இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கவைத்த ஒரு குழந்தை. ஜன்னலோரம் ஒரு பெரியவர் தன் மகனிடம் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

"போன தடவ பழக்கும்போது உங்க அம்மைக்கு எழுதுன லெட்டரக் காட்டித்தொலைச்சேன். சிப்பு அதையே பிடிச்சுக்கிடுச்சு. கரண்டு ஆபீசுக்குப் புகார் எழுதுனாலும் 'அன்பு முத்தங்களுடன்'னுதான் முடிக்கு."

"அழிச்சிட்டு வேற போடலாம்லாப்பா?"

"அழிச்சா 'நிச்சயமாகவா?'ன்னு கேக்குல. சங்கடமா இருக்குன்னு விட்டுட்டேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கடை வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஹெப்சிக்கும் சிரிப்பு வந்தது. நாற்காலியில் இருந்த அவள் அண்ணன் ரூபன் சிரிக்கவில்லை.

அரசாங்கத் தாள்களில் அதற்குப் பழகுசெயலி என்று பெயர். மக்கள் சிப்பு என்பார்கள். ஒரு காலத்தில் மடிக்கணினியின் செயலியை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்களாம். செயலி போனால் கணினியே போனது. பழகுசெயலி வந்த பிறகு அது தாங்கியில் உட்கார்ந்தது, கழற்றி மாற்றும்படியாக. ஏனென்றால் அது தேயும். தான் கற்றுக்கொள்வதை அது எண்களாக எழுதி வைப்பதில்லை. தன் உலோகத்தையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறது. அதனால் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது. அதனாலேயே அதை நகலெடுக்கவும் முடியாது. தாங்கியிலிருந்து எடுத்துவிட்டால் ஒரு பகலுக்குள் கற்றதெல்லாம் கலைந்துவிடும். புதியது எதுவுமே தெரியாமல் வரும். அதற்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இது சில நாள் தொல்லை. சில நாள் கொண்டாட்டம் என்றும் சொல்லலாம். வீட்டார் எல்லோரும் பழக்கு அறையில் வந்து உட்கார்ந்து, பேசிச் சிரித்து, புதிய செயலிக்கு வீட்டை அறிமுகப்படுத்துவார்கள். குழந்தை பிறந்தால் கொடுப்பதுபோல அலுவலகங்கள் இதற்கும் விடுப்பு கொடுக்கின்றன. ஹெப்சி அந்தப் பழக்கு விடுப்பில்தான் கொச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள்.

ரூபனுக்குச் செயலி என்பது வேறு. பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளை அவன். நாக்கும் உதடும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. அவன் பேசுவது மற்றவர்களுக்கு வெறும் இழுவைச் சத்தமாகக் கேட்கும். விரல்களும் நடுங்கும். ஒரு வரி தட்டச்சு செய்து முடிப்பதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்துவிடும். நாற்காலித் தட்டில் இருக்கும் மடிக்கணினிதான் அவன் சத்தத்தைக் கேட்டு, சொற்களாக்கி, உரக்கச் சொல்லும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவன் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறான்.

அவனைப் போன்றவர்களின் செயலிக்குப் பழக்குநர் வேண்டும். அவன் சொல்வதைப் புரிந்துகொண்டு, அதைச் செயலிக்குச் சொல்ல ஒரு மனிதக் குரல். உலகத்தில் அது ஹெப்சி ஒருத்தியால்தான் முடியும். ஐந்து வயதிலிருந்து அவள்தான் வீட்டில் அவன் வாய். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு முதல் செயலி வந்தபோது, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினாள். அதன் பிறகு அவள் வாய் யாருக்கும் தேவைப்படவில்லை. படித்தாள், வேலை கிடைத்தது, போய்விட்டாள்.

இசக்கி எழுந்து வந்தாள். முப்பது வயதிருக்கும், நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தாள்.

"வாங்கக்கா. வாங்க சார். வேற யாரும் வரலியா? பழக்கு அறையில பத்துப் பேரு உக்காரலாமே."

ரூபன் வாயைத் திறந்தான். நீளமாக ஏதோ சொன்னான். மடிக்கணினியிலிருந்து இளமையான, இனிமையான குரல் வந்தது. "நாங்க ரெண்டு பேரு மட்டும்தான். உங்களுக்குச் சிரமம் இல்லன்னா."

"எனக்கென்ன சார் சிரமம்?" இசக்கி ஹெப்சியின் பக்கம் திரும்பினாள். "எங்க அக்கா மகன் சார்கிட்டதான் படிக்கான். கணக்குல நாலு மார்க்கு எடுத்தாலும் 'பரவாயில்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்'னு சொல்லுவாராம். இப்படி ஒரு பொறுமையான மனுசர நான் பாத்ததே இல்லக்கா."

ரூபனின் இடது தோள் ஒருமுறை வெட்டியது.

மடிக்கணினியை மேசையில் வைத்து, சோதனைக் கம்பியைச் செருகிப் பார்த்த இசக்கி புருவத்தைச் சுருக்கினாள். "இது நல்லாத்தான இருக்கு? இன்னும் மூணு வருசம் தாராளமா ஓடும். இப்ப ஏன் மாத்துதீய?"

ஹெப்சி அண்ணனைப் பார்த்தாள். தேய்ந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். 'சிப்பு மாத்தணும். நீ மட்டும் வா' என்று ஒரு வரி வந்தது. எழுத்துப்பிழைகளைப் பார்த்தாலே அவனாக விரலால் தட்டியது என்று தெரிந்தது. செயலிக்கு எழுதக்கூட முடியவில்லை போல என்று எண்ணிக்கொண்டாள்.

"எதுக்குண்ணே? நல்லா இருக்குன்னு சொல்லுதாங்களே. எடுத்துட்டா திரும்ப வராது, தெரியும்லா?"

ரூபன் மறுபடியும் பேசினான். கழுத்து நரம்பு புடைத்தது. குரல் சொன்னது: "இருக்கட்டும். மாத்திடலாம்."

எடுக்கும் முன் சொந்தக்காரரை ஒரு வார்த்தை பேசச் சொல்வது இசக்கியின் வழக்கம். பழைய செயலியின் கடைசி வார்த்தை. சிலர் அழுவார்கள். சிலர் அதற்குப் பெயர்கூட வைத்திருப்பார்கள். "சொல்லுங்க சார்," என்றாள்.

ரூபன் பேச ஆரம்பித்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினான். உதட்டோரம் எச்சில் வழிந்தது, ஹெப்சி துடைத்துவிட்டாள். அவன் நிறுத்தவில்லை. முடித்தபோது மூச்சு வாங்கியது.

மடிக்கணினி சொன்னது: "இத்தனை வருசம் கூட இருந்ததுக்கு நன்றி."

இசக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெப்சி அவன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நன்றி சொல்லும் தோள் இல்லை.

இசக்கி கணினியைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினாள். அடிமூடியைத் திறந்ததும் முதலில் மின்கல இணைப்பைப் பிடுங்கினாள். விசிறியையும் செப்புக் குழாயையும் தூக்கி வைத்தாள். அதன் கீழே காய்ந்துபோன வெப்பப் பசை சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்ததும் பழகுசெயலி தெரிந்தது. கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பாக. தாங்கியின் கொக்கியை நிமிர்த்தி, உறிஞ்சு பேனாவால் தூக்கி, ஒரு சின்ன டப்பாவில் போட்டாள். பதினோரு வருடப் பேச்சு அதில் இருந்தது. சாயங்காலத்துக்குள் இருக்காது.

புதியதை மூலைப் புள்ளி பார்த்து வைத்தாள். "அழுத்தக் கூடாதுக்கா. சரியா வச்சா தானா உக்காந்துக்கிடும்." கொக்கியை மடக்கினாள். அரிசி அளவு புதுப்பசை வைத்தாள்.

"இனிமே உங்க பாடு," என்றாள்.

*

பழக்கு அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் யாரோ ஒட்டிய பூப்படம். ரூபனின் வலது கைக்குக் கீழே இரண்டு பெரிய பொத்தான்கள், பச்சையும் சிவப்பும். வேலை எளியது. ரூபன் பேச வேண்டும். திரையில் 'என்ன சொன்னார்?' என்று வரும். ஹெப்சி சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் ரூபன் பச்சையை அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு.

ரூபன் பேசினான்.

என்ன சொன்னார்?

ஹெப்சிக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுண்ணே."

சொன்னான். அவளுக்கு இழுவைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்பது போலவே. பதினோரு வருடமாக அவன் பேசும்போதெல்லாம் அவள் மடிக்கணினியைத்தான் கேட்டிருக்கிறாள். போனில் என்றால் அதுகூட இல்லை, அந்த இனிய குரல் மட்டும்தான்.

"தண்ணியா?" சிவப்பு. "ஜன்னல் தொறக்கணுமா?" சிவப்பு. "பசிக்கா?" சிவப்பு.

மதியம் வரை சிவப்புதான். இசக்கி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பழையது டப்பாவில் கலைந்துகொண்டிருந்தது. இவளுக்குப் புரியாவிட்டால் புதியதும் எதையும் கற்காது. கணினியிலேயே இருக்கும் ஆயத்தச் சொற்கள் சிலவற்றோடு நின்றுவிடும். பசி, தண்ணீர், கழிவறை. அதை வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்த முடியாது. அதை வைத்துக்கொண்டு எதுவுமே நடத்த முடியாது.

ஹெப்சி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ரூபன் ஏதோ சொன்னான். அவள் நிமிரவில்லை. அவன் மறுபடி சொன்னபோது கண்ணோரம் அவனுடைய இடது தோள் அசைவதை மட்டும் பார்த்தாள். ஏறி, நின்று, சட்டென்று இறங்கியது. அவள் உடம்பில் எங்கோ அது பதிந்து கிடந்தது.

"ஏட்டி," என்றாள் மெதுவாக. "'ஏட்டி, வாயப் பாக்காத'ன்னு சொல்லுத."

பச்சை.

சின்ன வயதில் அவள் அவன் வாயைப் பார்த்ததே இல்லை. இப்போது ஞாபகம் வந்தது. வாய் அவனை ஏமாற்றும், தோள் ஏமாற்றாது. சாயங்காலம் வெளியே வரும்போது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. செயலிக்கு நாற்பது வார்த்தைகள் தெரிந்திருந்தன.

*

மறுநாள் முற்பகலில் இசக்கி இரண்டு டம்ளர் காப்பி கொடுத்தனுப்பினாள். ஒரு வாய் குடித்துவிட்டு ரூபன் ஏதோ சொன்னான். ஹெப்சிக்கு உடனே புரிந்து சிரிப்பு வந்துவிட்டது.

என்ன சொன்னார்?

"காப்பி கொஞ்சம் சரியில்ல," என்றாள் திரையைப் பார்த்து.

சிவப்பு.

"காப்பி நல்லா இல்ல."

சிவப்பு.

"அதேதானண்ணே சொன்ன?"

சிவப்பு. சிவப்பு. அப்புறம் அவன் விசைப்பலகையின் பக்கம் கையைக் கொண்டுபோனான். விரல் நடுங்கி நடுங்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. அவள் காத்திருந்தாள். முடித்தபோது அவன் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

நான் சொன்னத சொல்லு.

ஹெப்சி கதவைப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இந்தக் காப்பிய மாட்டுக்கு வச்சாக்கூட குடிக்காது."

பச்சை. ரூபன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. நேற்று மேசையில் அவன் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியதும், நன்றி என்று ஒரே வரியில் அது முடித்ததும் நினைவுக்கு வந்தது. கணக்கில் நாலு மதிப்பெண் எடுத்தவனிடம் பரவாயில்லை என்று சொல்லும் வாத்தியார் நினைவுக்கு வந்தார். ரூபனுக்குப் பொறுமையே கிடையாது. சின்ன வயதில் கேரம் விளையாட்டில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடுவான். எப்போதிலிருந்து அவன் பொறுமைசாலி ஆனான்?

அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கே தெரிந்தது. அப்பா கோபக்காரர். வீட்டில் ரூபன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னால் அன்றைக்குச் சோறு எல்லோருக்கும் தொண்டையில் இறங்காது. "அவன் என்னட்டி சொல்லுதான்?" என்று அப்பா அவளிடம்தான் கேட்பார். 'இந்த ஆளு வெளிய போனாத்தான் வீடு நிம்மதியா இருக்கும்' என்று ரூபன் சொல்லியிருப்பான். அவள், "எப்பம் வருவீங்கன்னு கேக்கான்ப்பா," என்பாள். அதில் அவளுக்கு நல்ல திறமை இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடுவாள்.

முதல் செயலியைப் பழக்கிய அறையில், வழக்கப்படி, அப்பாவும் உட்கார்ந்திருந்தார்.

*

மூன்றாம் நாள் ரூபன் முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். திரை வெறுமையாகக் காத்திருந்தது. அப்புறம் சின்னச் சின்னத் துண்டாகச் சொல்ல ஆரம்பித்தான். ஒவ்வொரு துண்டுக்கும் நிறுத்தி, அவள் சொல்லும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றாள் ஹெப்சி. பச்சை.

"கடைசி நாளு. ஆஸ்பத்திரியில." பச்சை.

"எல்லாரும் வெளிய போன பொறவு நான் அப்பாகிட்டப் பேசினேன்." பச்சை.

அது அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் அப்பா போனில் சொன்னார். 'ரூபன் வந்து உக்காந்து எவ்வளவு நேரம் பேசினான் தெரியுமாட்டி? எம்மேல ஒரு நாளும் கோவப்படாத ஆளு இந்த வீட்டுல அவன் ஒருத்தந்தான்.' மறுநாள் விடியும் முன் போய்விட்டார். நான்கு மாதமாகிறது. அந்த வார்த்தைகளை அவள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

ரூபன் அடுத்த துண்டைச் சொன்னான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

என்ன சொன்னார்?

"அப்பா," என்றாள். "கிறிஸ்மஸ் பாட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னைய வீட்டுல வச்சுப் பூட்டிட்டுப் போனீய."

பச்சை.

சபையின் பாட்டுக் குழு வேனில் ஊர் சுற்றும். அப்பா கிதார் வாசிப்பார். ஹெப்சி அவர் மடியில் உட்கார்ந்து போவாள். கிளம்பும்போது ரூபன் வாசலில் கத்துவான். "அவன் என்னட்டி சொல்லுதான்?" "தூக்கம் வருதாம்ப்பா. நம்மளப் போயிட்டு வரச் சொல்லுதான்." அவளுக்கு அந்த வேனில் ஏற ஆசை.

"பனி ஒத்துக்காதுன்னு சொன்னீய. பனி இல்ல. என்னைய ஊருக்குக் காட்ட உங்களுக்குக் கூச்சம்." பச்சை.

"அது எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியணும்." பச்சை.

என்னைய, எனக்கு என்று தன் வாயாலேயே சொல்லச் சொல்ல, ஹெப்சி முதல்முறையாக அந்த வீட்டுக்குள் இருந்தாள். பூட்டு விழும் சத்தமும், வேன் கிளம்பும் சத்தமும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டன.

"இதத்தான் சொன்னேன்," என்றாள் அவனுக்காக. "மெசினு என்ன சொல்லிச்சு தெரியுமா? 'நல்லா ஓய்வெடுங்கப்பா. நான் இங்கதான் இருக்கேன்.'" பச்சை.

"அப்பா என் கையப் பிடிச்சு முத்தங்கொடுத்தாரு." பச்சை.

வெளியே கூடத்தில் யாரோ கைதட்டினார்கள். யாருடைய செயலியோ முதல் வாக்கியம் பேசியிருக்க வேண்டும்.

"நாந்தானண்ணே அத அப்படிப் பழக்கினேன்," என்றாள் ஹெப்சி.

ரூபன் தலையை ஆட்டி மறுத்தான். பேசினான். அவள் அதையும் திரைக்குச் சொன்னாள், பழக்கம் விடவில்லை. "பச்சைய அமுக்கினது நானு. அவரு கதவுகிட்ட உக்காந்திருந்தாருல்லா." பச்சை.

அவள் கேட்டாள். "சாகப்போறவர்கிட்ட அதச் சொல்லணுமாண்ணே? அவரு சந்தோசமாத்தான போனாரு?"

அவன் யோசித்தான். தோள் அசையவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் அவள் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னாள்.

"தெரியல. அவரு மூஞ்சியப் பாத்துட்டு நானே சொல்லாம விட்டிருப்பேனோ என்னவோ." பச்சை.

"ஆனா விட்டது நானா இருந்திருக்கணும்." பச்சை.

"அவரு பிடிச்சது என் கைய இல்லட்டி." பச்சை.

திரையில் அந்த வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நகம் அளவு கறுப்பு உலோகம் அவற்றைத் தனக்குள் பதித்துக்கொண்டிருந்தது. ஹெப்சி அழுதுகொண்டே அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். ரூபன் பொத்தானிலிருந்து கையை எடுத்து, குறிபார்த்து, இரண்டாவது முயற்சியில் அவள் கன்னத்தைத் தொட்டான்.

*

நான்காம் நாள் முழுக்க அவன் திட்டினான். பதினோரு வருடத்துத் திட்டு பாக்கி இருந்தது. தலைமையாசிரியரை, சாய்தளம் கட்டாத தபால் நிலையத்தை, தன்னிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசும் பல் டாக்டரை, வீட்டுக் கணக்கைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும் ஒன்பதாம் வகுப்பை. சில வார்த்தைகளைச் சொல்லும்போது ஹெப்சியின் காது சிவந்தது. அவன் விடவில்லை. "இதெல்லாம் எங்கண்ணே கத்துக்கிட்ட?" என்று கேட்டாள். "ஸ்டாஃப் ரூம்ல," என்று அவனுக்காக அவளே பதில் சொன்னாள். பச்சை.

இசக்கி புதிய குரல்களின் மாதிரிகளைக் கொண்டுவந்து ஓடவிட்டாள். பழைய இனிமைக் குரல் வந்தபோதே ரூபன் சிவப்பை அமுக்கினான். கடைசியில் லேசாகக் கரகரத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். "இது சாருக்கு ஒத்துவராதே," என்றாள் இசக்கி. "ஒத்துவரும்," என்றாள் ஹெப்சி.

ஐந்தாம் நாள் 'என்ன சொன்னார்?' என்ற கேள்வி குறைந்துகொண்டே வந்தது. முற்பகலில் எப்போதாவது ஒருமுறை கேட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கவே இல்லை. ரூபன் பேச, கரகரத்த குரல் பேசியது. ஜன்னலைத் திறக்கச் சொன்னது. மின்விசிறி போடும் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்றது. ஹெப்சி சும்மா உட்கார்ந்து கேட்டாள். இன்று அவள் கண் திரைக்குப் போகவில்லை, தோளில் இருந்தது. இரண்டும் ஒன்றையே சொன்னன.

மாலை ரயிலுக்கு நேரமாகியிருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வண்டி உன்னைய ஸ்கூல் குவார்ட்டர்ஸ்ல கொண்டுபோய் விட்டுரும். நான் கிறிஸ்மஸுக்கு வாரேண்ணே."

ரூபன் பேசினான். மடிக்கணினி சொன்னது: "வராத."

ஹெப்சி பிழை என்று நினைத்துப் பொத்தான்களைப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கிப் பச்சையை அமுக்கினான்.

"ஏன்?"

"போன தடவ வந்து ரெண்டு நாளும் போனையே பாத்துட்டு இருந்த. மூணாம் நாள் 'அண்ணனுக்கு ஒரு குறையும் இல்ல'ன்னு அத்தைகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பிட்ட. அதுக்கு எதுக்கு வரணும்?"

பை தோளிலிருந்து முழங்கைக்கு நழுவியது.

"நீ மட்டும் ஒழுங்கா? நான் எப்பக் கூப்பிட்டாலும் 'நல்லா இருக்கேன், நீ ஒடம்பப் பாத்துக்கோ.' அப்பா செத்த அன்னைக்கும் அதே. நான் அங்க பாத்ரூம்ல உக்காந்து அழுதுகிட்டே கூப்பிடுதேன், 'நீ ஒடம்பப் பாத்துக்கோ.' செவுத்துகிட்டப் பேசுன மாதிரி இருந்துச்சு எனக்கு."

"அது நான் இல்ல."

"நீ இல்லன்னு எனக்கு யாரு சொன்னா? 'நீ மட்டும் வா'ன்னு விரலால அடிக்கத் தெரியுதுல்லா? அத அஞ்சு வருசத்துக்கு முந்தி அடிச்சிருக்கலாம்லா?"

குரல் தணிந்து வந்தது. "எல்லாருக்கும் என்னையப் பிடிச்சிருந்துச்சு. விட மனசு வரல."

"எனக்குப் பிடிக்கல!" ஹெப்சி கத்திவிட்டாள். "அந்த நல்லவன எனக்குப் பிடிக்கவே இல்ல. அவங்கிட்டப் பேசிட்டுப் போனைக் கீழ வச்சா வெறுப்பா இருக்கும். நல்ல அண்ணன இப்படி நெனைக்கமேன்னு என்மேலயே வெறுப்பா இருக்கும். எனக்கு என் சடையப் பிடிச்சு இழுத்தவன்தான் வேணும்."

"கிட்ட வா. இப்பவும் இழுப்பேன்."

"இழு, பாப்போம்! கையத் தூக்கவே பத்து நிமிசம் ஆவுது, இவரு இழுக்காராம்!"

"குனிஞ்சு நில்லுட்டி, பேசாம!"

கதவு திறந்தது. இசக்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் கூடத்திலிருந்து நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"அக்கா, எதும் பிரச்னையா? கூடம் வரைக்கும் கேக்கு."

ஹெப்சியின் வாய் தானாகத் திறந்தது. ஒன்றுமில்லை, சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம் என்று வார்த்தைகள் நாக்கில் தயாராக இருந்தன. அதற்குள் ரூபன் பேசிவிட்டான்.

"சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம், இசக்கி," என்றது கரகரத்த குரல். "இன்னும் முடியல. கதவ அடைச்சிட்டுப் போங்க."

இசக்கி ரூபனைப் பார்த்தாள், மடிக்கணினியைப் பார்த்தாள், மறுபடி ரூபனைப் பார்த்தாள். பிறகு கதவை அடைத்துவிட்டுப் போனாள்.

ஹெப்சி பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். நாற்காலியை அவன் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ம்," என்றாள். "நீ சொல்லு."